ஏழு நாளைக்கு ஒரு வண்டி: இது போதுமா?

ஹௌராவிலிருந்து எர்ணாகுளத்துக்கு ஒரு ரயில் ஓடுகிறது. அந்த்யோதயா எக்ஸ்பிரஸ் என்று பெயர். வங்காளத்தில் புறப்பட்டு, ஒடிசாவையும் ஆந்திரக் கரையோரத்தையும் கடந்து, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கோவை வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கேரளத்தை அடைகிறது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் தூரம். ஒன்றரை நாளுக்கும் மேலான பயணம். இந்த வண்டியில் முதல் வகுப்பு கிடையாது. குளுகுளுப் பெட்டி கிடையாது. படுக்கை கிடையாது. முன்பதிவும் கிடையாது. முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை பொதுப்பெட்டிதான். ஸ்டேஷன் ஜன்னலில் டிக்கெட் வாங்கிய எவரும் ஏறலாம்.

இப்படி ஒரு வண்டி தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. வெகுதூரம் பிழைக்கப் போகிற உழைப்பாளி, வசதி படைத்தவர்களின் பெட்டிகளுக்கு முன்னும் பின்னும் ஒட்டவைத்த இரண்டொரு பொதுப்பெட்டிகளில் நசுங்காமல், தனக்கென்று விட்ட முழு வண்டியில் உட்கார்ந்து போகலாம் என்றால், அது நல்ல காரியம். அதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் அந்த வண்டி எத்தனை நாள் ஓடுகிறது? வாரத்தில் ஒரே ஒரு நாள்!

அந்த்யோதயா என்றால் கடைசி மனிதனின் உயர்வு என்று பொருள் சொல்கிறார்கள். கடைசி மனிதன் ஏழு நாளில் ஒரு நாள்தான் உயரலாம் போலிருக்கிறது. மற்ற ஆறு நாளும் அவன் எங்கே நிற்பது? படிக்கட்டிலா? கக்கூஸ் வாசலிலா? இந்தக் கேள்வியைத்தான் நாம் ரயில்வே நிர்வாகத்திடமும் மத்திய சர்க்காரிடமும் கேட்கிறோம்.

பெயர் மாறியது, நெரிசல் மாறவில்லை

ஏழையின் ரயில் பயணம் பற்றிய பேச்சு நாட்டில் புதிதல்ல. 1917-ம் ஆண்டிலேயே காந்தி, பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த அனுபவத்தை வைத்து, அந்த வகுப்பில் நிலவிய நெரிசலையும் அசுத்தத்தையும் எழுதிக் கண்டித்தார். வெள்ளைக்காரன் காலத்து ரயில் கம்பெனிகள் மூன்றாம் வகுப்பு ஜனங்களிடம் காசை வாங்கிக்கொண்டு, மேல் வகுப்புத் துரைமார்களுக்குச் சொகுசு செய்து கொடுத்தன.

சுதந்திரம் வந்தது. 1948-ல் டில்லிக்கும் பாட்னாவுக்கும் இடையே ஜனதா எக்ஸ்பிரஸ் விடப்பட்டது. முழுக்க மூன்றாம் வகுப்புப் பெட்டிகளே கொண்ட வண்டி அது. ஏழைகளும் வேகமாகப் போகலாம், எக்ஸ்பிரஸ் வண்டி கனவான்களுக்கு மட்டும் உரியதல்ல என்ற நியாயம் அன்றே ஏற்கப்பட்டுவிட்டது. 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். பெயர் போயிற்று. அந்த வகுப்பில் போன ஜனங்கள் போய்விடவில்லை. அவர்கள் பெருகினார்கள். ஆனால் அவர்களுக்கு உரிய இடம் பெருகவில்லை.

2016 பிப்ரவரியில், தனியாகச் சமர்ப்பிக்கப்பட்ட கடைசி ரயில்வே பட்ஜெட்டில், அன்றைய ரயில்வே மந்திரி சுரேஷ் பிரபு அந்த்யோதயா வண்டிகளை அறிவித்தார். நெரிசல் மிகுந்த தடங்களில், முன்பதிவே இல்லாத நெடுந்தூர விரைவு வண்டிகள் விடப்படும் என்றார். 2017-ல் முதல் அந்த்யோதயா வண்டியாக வந்ததுதான் இந்த எர்ணாகுளம் - ஹௌரா ரயில். மெத்தை வைத்த இருக்கை, குடிநீர், செல்போன் சார்ஜ் செய்ய வசதி, நவீன கழிப்பறை எல்லாம் உண்டு என்றார்கள். சாதாரணப் பொதுப்பெட்டிக் கட்டணத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வாங்கினார்கள். உழைப்பாளி அதையும் கொடுத்தான். உட்கார இடம் கிடைக்கிறதே என்று கொடுத்தான்.

பின்னர் 2023 டிசம்பரில் அம்ரித் பாரத் என்ற பெயரில் குளுகுளுப் பெட்டி இல்லாத புதிய வண்டிகள் வந்தன. வங்காளத்து மால்டாவிலிருந்து பெங்களூருக்கு ஒன்று. அதுவும் வாரம் ஒருமுறை! 2025 செப்டம்பரில் நம் ஈரோட்டுக்கும் பீகாரின் ஜோக்பனிக்கும் இடையே ஒன்று விட்டார்கள். அதுவும் வாரம் ஒருமுறை! கொடியசைக்கும் விழா ஒருநாள் நடந்து முடிந்துவிடுகிறது. வண்டிக்காகக் காத்திருப்பது வருஷம் முழுவதும் நடக்கிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2019 பிப்ரவரியில் டில்லிக்கும் வாரணாசிக்கும் இடையே முதல் வந்தே பாரத் ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு நாடெங்கும் அந்த வண்டிகள் வந்துவிட்டன. முழுக்கக் குளுகுளுப் பெட்டிகள். கட்டணமும் அதற்கேற்றபடிதான். அவற்றில் பெரும்பாலானவை வாரத்தில் ஆறு நாள் ஓடுகின்றன, ஒரு நாள் பராமரிப்புக்கு நிற்கின்றன. ஏழையின் வண்டியோ ஒரு நாள் ஓடுகிறது, ஆறு நாள் காணோம்! வேகமான ரயில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதைக் கட்டுகிறவனும் தொழிலாளிதான். ஆறுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கை யார் போட்டது என்றுதான் கேட்கிறோம்.

வாரம் ஒரு வண்டி என்றால் என்ன அர்த்தம்?

பங்களாவில் இருப்பவருக்கு வாரம் ஒரு வண்டி என்பது அட்டவணையில் ஒரு வரி. அந்த வண்டி இல்லாவிட்டால் அவருக்கு வேறு வண்டி உண்டு. வண்டியே இல்லாவிட்டால் விமானம் உண்டு. தொழிலாளிக்கு அது வாழ்க்கைப் பிரச்னை.

திருப்பூர் பனியன் கம்பெனியில் சனிக்கிழமைதோறும் வாரக்கூலி வாங்குகிற ஒரு ஒடிசாத் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வருகிறது. வாராந்தர வண்டி நேற்றுத்தான் போயிற்று. அடுத்த வண்டிக்கு ஆறு நாள். அதுவரை தாயாரின் நோய் காத்திருக்குமா?

முன்பதிவு செய்து கொள்வதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. 2024 நவம்பர் 1 முதல், பயணத்துக்கு 60 நாள் முன்னதாக முன்பதிவு தொடங்குகிறது. அதற்கு முன்பு 120 நாளாக இருந்தது. அறுபதோ நூற்றிருபதோ, எந்தக் கூலித் தொழிலாளிக்கு அத்தனை நாள் முன்னதாகத் தன் லீவு தெரியும்? மேஸ்திரி போகச் சொன்னால்தான் போகலாம். ஆர்டர் முடிந்தால்தான் போகலாம். மில்லில் அடுத்த வாரம் எந்த ஷிப்டு என்பதே இந்த வாரக் கடைசியில்தான் தெரிகிறது.

சரி, தத்கால் இருக்கிறதே என்பார்கள். குளுகுளு அல்லாத வகுப்புக்குத் தத்கால் முன்பதிவு காலை 11 மணிக்குத் திறக்கிறது. அந்த நேரத்தில் அவன் மெஷினின் முன்னால் நிற்கிறான். 2025 ஜூலை முதல், இணையத்தில் தத்கால் எடுக்க ஆதார் இணைத்த கணக்கும் வேண்டும். வேலையை விட்டுவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, 11 அடிக்கக் காத்திருந்து பொத்தானை அழுத்துவது யாரால் முடியும்? நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவரால் முடியும். நூல் அறுந்தால் ஓடிப்போய் இணைக்க வேண்டியவனால் முடியுமா?

போன பிறகு திரும்ப வேண்டுமே, அது இன்னொரு தொல்லை. வாராந்தர வண்டியை நம்பிப் போகிறவனின் விடுமுறையை அவனும் தீர்மானிப்பதில்லை, முதலாளியும் தீர்மானிப்பதில்லை. கால அட்டவணை தீர்மானிக்கிறது. ஊரில் நாலு நாள் வேலை இருந்தால், ஒன்று அதை இரண்டு நாளில் முடித்துக்கொண்டு ஓடிவர வேண்டும், அல்லது அடுத்த வாரத்து வண்டிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் கூலி போகிறது. வாரம் தவறி வந்தவனுக்கு வேலையே போகிறது. அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான்.

ஆக, வாரம் ஒரு வண்டி என்பதன் பளுவை டிக்கெட் விலையில் மட்டும் பார்க்கக் கூடாது. இழந்த கூலியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிக்கெட் மலிவு என்று சர்க்கார் சொல்கிறது. காத்திருந்த நாட்களின் கூலியைக் கூட்டிப் பார்த்தால் எது மலிவு என்று தெரியும்.

நிர்வாகம் சொல்லும் சமாதானங்கள்

ஏன் அன்றாடம் ஓட்டக் கூடாது என்று கேட்டால், பெட்டி இல்லை, பாதையில் இடமில்லை, நஷ்டம் என்று மூன்று சமாதானங்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெட்டி இல்லையா? இந்த வண்டி போய்த் திரும்பி, கழுவிப் பழுது பார்த்து, மறுபடி புறப்பட நாலைந்து நாள் பிடிக்கும். அன்றாடம் ஓட வேண்டுமானால் இப்போது ஓடுவதுபோல் நாலைந்து வண்டித் தொகுதிகள் வேண்டும். அவ்வளவுதான். 1955-ல் தொடங்கிய பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 2024-25-ம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,000 பெட்டிகளைக் கட்டித் தந்தது. வந்தே பாரத் வண்டியையும் முதலில் கட்டியது அந்தத் தொழிலாளிகளின் கைகளே. அந்தக் கைகளுக்குப் பொதுப்பெட்டி கட்டத் தெரியாதா? எந்தப் பெட்டியைக் கட்டு என்று உத்தரவு போடுகிறவர்களின் மனதில்தான் இடப் பற்றாக்குறை!

பாதையில் இடமில்லையா? ஹௌரா - சென்னைத் தடம் நெரிசலானதுதான். நிலக்கரியும் இரும்புத் தாதுவும் அந்தப் பாதையில் ஓயாமல் போகின்றன. இதை நாம் மறுக்கவில்லை. சரக்கு வண்டிக்கென்றே கரக்பூரிலிருந்து விஜயவாடாவரை கிழக்குக் கரையில் தனிப்பாதை போடுவோம் என்று 2021 பட்ஜெட்டில் சர்க்காரே சொன்னது. சொன்னதைச் செய்யட்டும். அதுவரை? புதிய சொகுசு வண்டிகளுக்கு எப்படி நேரம் கண்டுபிடித்தார்களோ, அப்படியே இதற்கும் கண்டுபிடிக்கட்டும். தவிர, தாம்பரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே அந்த்யோதயா வண்டி அன்றாடம் ஓடுகிறது. தஞ்சை, திருச்சி, மதுரை, நெல்லை வழியாகப் போகிற அந்த வண்டியில் எத்தனை விவசாயத் தொழிலாளிகள் பிழைப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் சென்னைக்குப் போய் வருகிறார்கள் என்பது டெல்டா கிராமங்களுக்குத் தெரியும். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நஷ்டமா? 2016-லிருந்து ரயில் டிக்கெட்டுகளில் ஒரு வாசகம் அச்சிட்டார்கள். பயணச் செலவில் சராசரி 57 சதவீதத்தைத்தான் ரயில்வே வசூலிக்கிறது, மீதியைப் பொதுஜனங்கள் சுமக்கிறார்கள் என்பது அதன் சாரம். டிக்கெட் வாங்கிய ஏழை அதைப் படித்து வெட்கப்பட வேண்டுமாம்! பொதுஜனம் என்பது யார்? தீப்பெட்டியிலிருந்து சோப்புவரை, செருப்பிலிருந்து செல்போன்வரை, வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வரி கொடுக்கிற அதே தொழிலாளிதானே? அவன் யாரிடமும் பிச்சை வாங்கிப் பயணம் செய்யவில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். இந்த வண்டி யாருக்காக ஓடுகிறது? திருப்பூர் ஏற்றுமதிக்கும், கோவை நூற்பாலைகளுக்கும், பவுண்டரிகளுக்கும், கேரளத்துக் கட்டட வேலைகளுக்கும் ஆள் கொண்டுவந்து சேர்க்கிற வண்டி இது. அந்த உழைப்பால் விளைகிற லாபம் ரயில்வே கணக்குப் புத்தகத்தில் வராது. அதனால் அது லாபமே இல்லை என்று ஆகிவிடுமா? பஞ்சையும் நூலையும் ஏற்றிச் செல்வது வியாபாரம், அதை நூற்கிற மனிதனை ஏற்றிச் செல்வது தர்மம் என்று பேசுவது என்ன நியாயம்?

பயணியைப் பயணியோடு மோதவிடும் ஏற்பாடு

வாரம் ஆறு நாள் இந்த வண்டி இல்லை. ஆனால் ஆறு நாளும் ஜனங்கள் போகத்தான் செய்கிறார்கள். எதில் போகிறார்கள்? தன்பாத் - ஆலப்புழை எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகளில் ஏறுகிறார்கள். பொதுப்பெட்டி ஒன்றில் ஏறத்தாழ 100 இருக்கை. இரண்டே பெட்டி என்றால் 200 பேருக்கு இடம். மிச்சம் பேர்? கதவில் தொங்குகிறார்கள். முடியாதவர்கள் படுக்கைப் பெட்டியில் நுழைகிறார்கள்.

அங்கே சண்டை தொடங்குகிறது. இரண்டு மாதத்துக்கு முன்பே பணம் கட்டி முன்பதிவு செய்த குடும்பம், தன் இடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறது. கோபம் வருகிறது. வராமல் என்ன செய்யும்? அதுவும் ஏழைக் குடும்பம்தான். கைக்குழந்தையோடு சொந்தத்தில் கலியாணத்துக்குப் போகிற ஒரு மில் தொழிலாளியின் குடும்பமாகக்கூட இருக்கும். உட்கார்ந்திருப்பவனோ, மூன்று நாள் முயன்றும் டிக்கெட் கிடைக்காமல், அபராதம் கட்டியாவது ஊர் போய்ச் சேரவேண்டும் என்று ஏறியவன். இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள். பாஷை வேறு புரிவதில்லை. இந்தச் சண்டையின் மூலகாரணம் எந்தப் பெட்டியிலும் உட்கார்ந்திருக்கவில்லை. அது பெட்டிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிற அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறது!

வடநாட்டுக்காரன் வந்து ரயிலை நிரப்பிவிட்டான் என்று பேசுகிற நண்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: ரயில் நிரம்பியது ஆள் அதிகமானதால் மட்டுமல்ல, ரயில் குறைவானதால்.

நம் ஊர்த் தொழிலாளிக்கு இதில் என்ன?

அவர்கள் ரயிலைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் நாற்று நடவுக்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், நம் பெண்களுக்கு நடவு வேலை குறைகிறது, அவர்களுக்கு ரயில் வசதி வேறு செய்து கொடுக்க வேண்டுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மறைக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

கூலியைக் குறைப்பது ரயிலில் வந்தவன் அல்ல. குறைந்த கூலிக்கு அவனைப் பேசி அழைத்து வந்தவர்களும், அப்படிப் பேசுவதை அனுமதிக்கிறவர்களும்தான். ஊருக்குத் திரும்பிப் போக வழியில்லாத மனிதன்தான் எந்தக் கூலிக்கும் தலையாட்டுவான். போக்கிடம் இல்லை, வண்டி இல்லை, கையில் காசு இல்லை என்ற நிலையில் அவன் ஏஜெண்டின் கைதி. நினைத்த நாளில் ஸ்டேஷனுக்குப் போய், டிக்கெட் வாங்கி, ஊர் திரும்ப முடிகிற மனிதன், 'இந்தக் கூலி போதாது' என்று சொல்லத் துணிவான். அவன் துணிந்தால் நம் கூலியும் நிமிரும். அன்றாடம் ஓடுகிற ரயில், அவனுக்கு மட்டுமல்ல, நமக்கும் பலம்.

நாமும் போனவர்கள்தான், மறந்துவிடக் கூடாது. தனுஷ்கோடிவரை ரயிலிலும், அங்கிருந்து கப்பலிலும் நம் பாட்டன்மார் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். போகும் வழியில் மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள். நெல்லைச் சீமையிலிருந்து பம்பாய்க்கு ரயிலேறியவர்கள் தாராவியை உருவாக்கினார்கள். வயிறு ஓட்டுகிற இடத்துக்கு ஓடுவது எந்த ஒரு மாகாணத்தாருக்கும் மட்டும் உரிய தலைவிதி அல்ல.

2023 மார்ச்சில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. அவை பொய் என்று தமிழ்நாட்டுப் போலீசார் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆயினும் பீதி பரவியது. ஹோலிப் பண்டிகைக்குப் போகிற கூட்டத்தோடு, பயந்து போகிற கூட்டமும் சேர்ந்து ஸ்டேஷன்களில் நெரிந்தது. தொழிலாளிகளைப் பிரிக்க ஒரு வதந்தி போதும். அவர்களைச் சேர்க்க நீண்ட வேலை வேண்டும். பக்கத்து மெஷினில் நிற்பவனின் ரயிலுக்காக நாம் குரல் கொடுப்பது அந்த வேலையின் ஒரு பகுதி.

பெயர்ப்பட்டியலில் இல்லாதவர்கள்

இந்தப் பயணிகளைப் பற்றி நாடு எப்போது பேசுகிறது? அவர்கள் செத்தால் பேசுகிறது.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது பயணி ரயில்கள் நின்றன. நகரங்களில் வேலை இல்லை, சோறு இல்லை, வாடகைக்கு வழியில்லை. லட்சோபலட்சம் பேர் நடந்தார்கள். மே 1-ந் தேதிதான் தொழிலாளர் சிறப்பு ரயில்கள் தொடங்கின. மே 8-ந் தேதி விடியற்காலையில், மகாராஷ்டிரத்தில் ஔரங்காபாத் அருகே, தண்டவாளத்தில் அயர்ந்து தூங்கிவிட்ட 16 தொழிலாளிகள் மீது சரக்கு ரயில் ஏறியது. மத்தியப் பிரதேசத்துக்குப் போக ரயில் கிடைக்கும் என்று நம்பி நடந்து வந்தவர்கள் அவர்கள். அவர்கள் கொண்டுவந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்ததை நாடு பார்த்தது. அதன் பிறகு சில மாதங்களில் அந்தச் சிறப்பு ரயில்கள் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமந்தன. ரயில் இருந்தது, பெட்டி இருந்தது, பாதை இருந்தது. முதலில் உத்தரவுதான் இல்லை.

2023 ஜூன் 2-ந் தேதி ஒடிசாவின் பாலாசோர் அருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. கவிழ்ந்த பெட்டிகள் எதிரே வந்த பெங்களூர் - ஹௌரா வண்டியின் மீதும் விழுந்தன. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சிக்னல் இணைப்பில் நேர்ந்த தவறு காரணம் என்று விசாரணை கூறியது. முன்பதிவு செய்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. பொதுப்பெட்டியில் வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. அடையாளம் தெரியாத உடல்களுக்கு மரபணுச் சோதனை செய்து உறவினரைத் தேட வேண்டியிருந்தது. உயிரோடு இருந்தபோது உட்கார இடம் தராத ஏற்பாடு, செத்தபோது பெயரும் தரவில்லை.

ஆகவே ரயில் கேட்பதோடு நாம் நிறுத்த முடியாது. வண்டிகள் கூடினால் அவற்றைப் பத்திரமாக ஓட்ட ஆள் கூட வேண்டும். சிக்னல் தொழிலாளி, தண்டவாளப் பணியாளர், டிரைவர், கார்டு - காலி இடங்கள் நிரப்பப்பட வேண்டும். ஓய்வில்லாமல் ஓட்டுகிற டிரைவரின் பிரச்னையும் உள்ளே உட்கார்ந்திருக்கிற பயணியின் பிரச்னையும் ஒன்றே. 1974 மே மாதத்தில் ஏறத்தாழ 17 லட்சம் ரயில்வே தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, வேலை நேரம் பற்றிய கோரிக்கை அதில் முன்னணியில் இருந்ததை நினைவில் கொள்வோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1979-ம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் ஒரு நல்ல விதியைச் சொன்னது. காண்டிராக்டர், தொழிலாளியின் ஊரிலிருந்து வேலை இடத்துக்கு வரவும், திரும்பிப் போகவும் கட்டணம் கொடுக்க வேண்டும். பயண நாட்களுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் கொடுத்தார்கள்? அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாத தொழிலாளிகள்தான் அதிகம். அந்தச் சட்டத்தை 2020-ம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் கரைத்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கு வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஊர் போய் வரக் கட்டணம் உண்டு என்று புதிய தொகுப்பு கூறுகிறது. பயண நாட்களின் கூலி காணாமல் போய்விட்டது.

இருக்கிற உரிமையையாவது நிறைவேற்ற வேண்டும். கட்டணம் கையில் கிடைத்தும் வண்டி இல்லையென்றால் என்ன பயன்? வண்டி இருந்தும் கட்டணம் கையில் இல்லையென்றால் என்ன பயன்? இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

நமது கோரிக்கைகள்

நாம் கோருவது சந்திரனை அல்ல. ஏற்கெனவே சர்க்கார் ஒப்புக்கொண்ட ஒரு நியாயத்தை வாரத்தில் ஏழு நாளும் நிறைவேற்றும்படி கோருகிறோம்:

1. ஹௌரா - எர்ணாகுளம் அந்த்யோதயா எக்ஸ்பிரஸ் அன்றாடம் ஓட வேண்டும். முதல் படியாக, தாமதமின்றி வாரத்தில் மூன்று நாளாக்க வேண்டும். ஈரோடு - ஜோக்பனி வண்டிக்கும் இதுவே கோரிக்கை.

2. நெடுந்தூர மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகள் ஒவ்வொன்றிலும் குறைந்தது நாலு பொதுப்பெட்டிகள் இருக்க வேண்டும்.

3. ஒன்றரை நாள் உட்கார்ந்தே போகிற வண்டியில், வழியில் தண்ணீர் நிரப்புவதும் கழிப்பறை கழுவுவதும் ஒழுங்காக நடக்க வேண்டும். பெண்களுக்குத் தனிப்பெட்டி வேண்டும். மலிவான சாப்பாடு கிடைக்க வேண்டும்.

4. ஹோலி, துர்க்கா பூஜை, சாத் பண்டிகை, தீபாவளி, பொங்கல் நாட்களுக்கான சிறப்பு வண்டிகளை முன்னதாகவே அறிவிக்க வேண்டும். சிறப்பு என்ற பெயரில் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது.

5. 2020 மார்ச்சில் நிறுத்திய முதியோர் கட்டணச் சலுகையை மீண்டும் தர வேண்டும்.

6. வெளிமாநிலத் தொழிலாளிகளின் பயணக் கட்டண உரிமையைத் தொழிலாளர் இலாகா ஆலை ஆலையாகச் சென்று அமலாக்க வேண்டும். பயண நாட்களின் கூலியைச் சட்டத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும்.

7. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் ஸ்டேஷன்களில் வங்காளம், ஒடியா, இந்தி பாஷைகளிலும் அறிவிப்பும், தங்கிக் காத்திருக்க நிழலும் குடிநீரும் வேண்டும்.

மில் தொழிலாளிகளே! விவசாயத் தொழிலாளிகளே! இந்தக் கோரிக்கைகள் பத்திரிகையில் அச்சாவதால் மட்டும் நிறைவேறிவிடா. ஒவ்வொரு மில் வாசலிலும் கையெழுத்துச் சேகரியுங்கள். பக்கத்தில் வேலை செய்கிற வங்காளத் தொழிலாளியிடமும் ஒடிசாத் தொழிலாளியிடமும் கையெழுத்து வாங்குங்கள். அவர் தம் எழுத்தில் போடட்டும். ரயில்வே டிவிஷன் அலுவலகத்துக்கு அந்த மனுவைத் தூதுக் குழுவாகச் சென்று கொடுங்கள். அந்தக் குழுவில் இரண்டு பாஷைக்காரர்களும் இருக்கட்டும். உங்கள் தொகுதி எம்.பி.யைச் சந்தித்து, இந்த வண்டியைப் பற்றிப் பார்லிமெண்டில் கேட்டீர்களா என்று கேளுங்கள். ரயில்வே தொழிலாளர் சங்கங்களோடு பேசுங்கள். வண்டியை ஓட்டுகிறவனும் வண்டியில் போகிறவனும் சேர்ந்து கேட்டால், இல்லை என்று சொல்வது எளிதல்ல.

ஆலைச் சங்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஊதுவதில்லை. அன்றாடம் ஊதுகிறது. அன்றாடம் உழைப்பை வாங்கிக்கொள்கிற நாடு, அந்த உழைப்பாளி வீடு போய்ச் சேர அன்றாடம் ஒரு வண்டி விடட்டும்!